திருப்பிக் கேட்ட ஷாப்டு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, இது லாரி ஆபீஸு, கோயில் இல்ல. கம்பெனியில இருந்துதானுங்களே? சட்டையைப் பாத்தாலே தெரியுது. சர்வீஸ் சென்டர்ல இருந்து காலையில போன் பண்ணுனாங்க, பெரிய இன்ஜினியர் ஒருத்தர் நேர்ல வர்றாருன்னு. நான்கூட நரைச்ச தலையா இருக்கும்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா என் பையன் வயசுல இருக்கறீங்க.

உக்காருங்க. அதுல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. டீ சொல்லியிருக்கேன். வேண்டாமா? அதெப்படிங்க, சங்ககிரிக்கு வந்துட்டு டீ குடிக்காம போறதா? சண்டைக்கு வர்றவனுக்கே நாங்க டீ குடுத்துட்டுத்தான் பேசுவோம். எதுக்கு இப்படி வேர்த்து ஊத்துது? ஃபேனைக் கூட்டி வைக்கறேன், இருங்க.

என்னது? கழட்டின ஷாப்டா? அதை உங்க ஆளுங்கதானே எடுத்துட்டுப் போனாங்க! கியர்பாக்ஸுல இருந்து பின்சக்கரத்தைச் சுத்தி விடற அந்த நீட்ட ஷாப்டு, அதைத்தானே கேக்கறீங்க? உங்க ஆளுங்களே வண்டிக்கு அடியில படுத்தாங்க, கழட்டுனாங்க, புதுசை மாட்டுனாங்க, பழசைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதுமேல இருக்கற நம்பர் ஒத்து வரலையா? போட்டோ வெச்சிருக்கீங்களா? இருக்கட்டும் தம்பி, அப்புறம் பாக்கலாம், கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். உங்க கம்பெனிமேல எனக்கு ஒரு வருத்தம் இருக்குது. அதை முதல்ல இறக்கி வைக்கோணும். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா கேளுங்க.

அவசரமா? யாருக்குங்க அவசரம் இல்ல? இந்த நல்லசிவம் பேசறப்ப குறுக்க பேசுனா நல்லசிவத்துக்குப் பிடிக்காது. இந்த லாரிப் பேட்டையில யாரை வேணாக் கேளுங்க.

என்கிட்ட ரெண்டு வண்டி. ரெண்டும் உங்க கம்பெனிதான், ஒரே மாடல், ஒரே நீளம். முதல்ல வாங்கினது பெரியவ. போன தை மாசம் வாங்கினது சின்னவ. சிரிக்காதீங்க, எங்க வீட்டுல பொம்பளைப் பிள்ளை இல்ல, லாரிதான் பொம்பளைப் பிள்ளை. என் சம்சாரம் சரசா வெள்ளிக்கிழமையானா ரெண்டுக்கும் குங்குமம் வெச்சுட்டுத்தான் சோறு திங்கும்.

பெரியவளை என் பையன் தரணி ஓட்டறான். ஒரே பையன். காலேஜுக்கு அனுப்பினேன், லாரிதான் வேணும்னு வந்துட்டான். புது வண்டியைப் பையனுக்குக் குடுக்காம பழசைக் குடுத்திருக்கியேன்னு எல்லாரும் கேட்டாங்க. பெரியவ ராசிக்காரிங்க. ஒரு கீறல் விழுந்ததில்ல, ஒரு ஆள்மேல பட்டதில்ல. ராசியான வண்டி பெத்த பிள்ளைக்கு, அவ்வளவுதான் கணக்கு. சின்னவளை மாதப்பன்கிட்ட விட்டிருக்கேன். மாதப்பன் தர்மபுரிப் பக்கத்து ஆளு, என்கிட்ட வந்து ரொம்ப வருசம் ஆச்சு. நல்லா ஓட்டுவான். ஒரே குறை, எந்நேரமும் போனும் கையுமா இருப்பான். ஓட்டிக்கிட்டிருக்கறப்பக்கூட முதல் ரிங்லயே எடுத்துருவான். எத்தனை திட்டியிருக்கேன் தெரியுங்களா!

ரெண்டு வண்டியும் ஒண்ணாத்தான் போகும். மாதப்பன் முன்னால, பையன் பின்னால. ரோடு தெரிஞ்சவன் முன்னால போகோணும், பையன் அவன் வண்டி முதுகைப் பாத்துக்கிட்டே வரோணும்னு நான் சொல்லி வெச்சது. இப்பக்கூட கர்நாடகாவுல தாவணகெரேயில மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு ரெண்டு பேரும் வந்துக்கிட்டிருக்காங்க. நாமக்கல் கோழித் தீவனத்துக்கு. முழு பாரம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். சித்திரையில ஒரு நாள், இதே சேர்ல உக்காந்திருக்கேன், போன் வருது. ஒரு பொண்ணு பேசுது. பூ மாதிரி குரல். "சார், உங்க புது வண்டியோட ஷாப்டுல குறை இருக்கலாம்னு கம்பெனி கண்டுபிடிச்சிருக்குது, அந்த நாள்ல செஞ்ச வண்டிங்க எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடறோம், இலவசமா மாத்திக் குடுக்கறோம்"னு சொல்லுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைச்சு, ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டுக் கிளப்புன வண்டி. அதுக்குள்ள குறைன்னா? பொண்ணு பாத்துக் கட்டி வெச்சதுக்கப்புறம் மாமனார் வந்து, என் பொண்ணுக்கு இடுப்புல கோளாறு இருக்குது, கொண்டாங்க சரி பண்ணித் தர்றேன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு எனக்கு.

வைம்மா போனைன்னு வெச்சுட்டேன். ஆனா விசயம் பேட்டைக்குள்ள பரவிப் போச்சு. டீக்கடையில நான் போனாலே, "என்ன நல்லசிவம், புதுப்பொண்ணைப் பொறந்த வீட்டுல கூப்பிட்டுக்கிட்டாங்களாமா?" அப்படிங்கறானுங்க. தலை நிமிர்ந்து நடந்தவனுங்க நான். அந்த மாசம் முழுக்க டீயையே ஆபீஸுக்கு வரவழைச்சுத்தான் குடிச்சேன்.

அப்புறம் உக்காந்து யோசிச்சேன். நான் படிக்காதவன், ஆனா யோசிப்பேன். உங்க கம்பெனி இருக்குதே, ஒரு போல்ட்டு கேட்டா சும்மா குடுக்குமா? வாரண்டியில ஒரு கண்ணாடி மாத்தச் சொன்னதுக்கு எத்தனை நடை நடக்க வெச்சீங்க? அப்பேர்ப்பட்ட கம்பெனி, அவனாப் போன் பண்ணி, அவனா வண்டியைக் கொண்டான்னு கெஞ்சி, ஒரு முழு ஷாப்டை இலவசமா மாத்தித் தர்றேங்கறான். ஏன்? சொல்லுங்க, ஏன்?

அட, உங்க பதில் எனக்குத் தெரியும். பாதுகாப்பு, வெல்டிங்கு, அந்தப் பொண்ணும் அதைத்தான் சொல்லுச்சு. நான் நம்பலை. தெரியாத்தனமா நல்ல இரும்புல செஞ்சு மாட்டி விட்டுட்டானுங்க, இப்பத்தான் கணக்குப் பாத்து வயிறு எரியுது, நல்லதை வாங்கிக்கிட்டு மட்டமானதை மாட்டி விடப் பாக்கறானுங்கன்னு புரிஞ்சு போச்சு. எனக்கு மட்டுமில்ல, பேட்டையில பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான். சும்மா குடுக்கறவன் எதையோ எடுத்துட்டுப் போகத்தான் வர்றான்.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. டீ வந்துருச்சு பாருங்க. குடிங்க.

இருங்க, போன் வருது. பையன்தான்.

சொல்லு கண்ணு. எங்க இருக்கே? தர்மபுரி தாண்டி பாளையம் டோல்கேட்டா? மாதப்பன்? சரி சரி. டீ குடிச்சாச்சா? வடை சாப்பிடாதே, எண்ணெய் சரியிருக்காது. என்னது? சத்தமா? எங்க, அடியிலயா? டக்கு டக்குன்னா? கியரைக் குறைச்சாத்தான் கேக்குதா? அது ஒண்ணுமில்ல கண்ணு. புதுச் செருப்புக் கடிக்கற மாதிரிதான், போகப் போகப் பழகிடும். நீ பாட்டுக்கு வா. தொப்பூர் கணவாய் இறக்கத்துல கியர்லயே இறங்கு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதே. கியர் பிடிச்சுக்கும். மாதப்பன் முதுகை விடாதே. சரி சாமி, வெச்சுடறேன்.

என்னங்க தம்பி, போனுக்குக் கை நீட்டறீங்க? என் பையன்கிட்ட உங்களுக்கு என்ன பேச்சு? சத்தம்னதும் காதைத் தீட்டிக்கிட்டீங்க பாருங்க. லாரின்னா சத்தம் வரத்தான் செய்யும், அது என்ன வீணையா? அவன் கிளம்பிட்டான், இனிப் போட்டாலும் எடுக்க மாட்டான். வண்டி உருள ஆரம்பிச்சா என் பையன் போனைத் தொட மாட்டான். இந்தச் சாமி படத்துக்கு முன்னால கற்பூரத்தை அணைச்சு சத்தியம் வாங்கியிருக்கேன். பக்கத்துக் கடை ஆறுமுகம் பையன் போன்ல பேசிக்கிட்டே போயி மரத்துல விட்டான், அன்னைக்கே வாங்குன சத்தியம். உங்க கம்பெனி சொல்ற பாதுகாப்பு இல்ல, இதுதான் பாதுகாப்பு.

தொப்பூரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நானும் ஸ்டீயரிங் பிடிச்சவன்தான். ஒரு தடவை அந்தக் கணவாய்ல எனக்கு பிரேக் போயிருச்சு. பாரத்தோட இறங்கறேன், மிதிக்கறேன், கால் அடி வரைக்கும் போகுது, வண்டி நிக்கலை. லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சேன், ஹாரன்ல இருந்து கையையே எடுக்கலை. முன்னால ஒரு லாரி. விலகிருவான், நேராப் போயிப் பாறையிலதான் மோதப் போறேன்னு நினைச்சேன். அவன் விலகலைங்க! கண்ணாடியில என்னைப் பாத்தான், புரிஞ்சுக்கிட்டான். என் வேகத்துக்கு வண்டியை விட்டு, என் மூக்கைத் தன் முதுகுல வாங்கிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா மிதிச்சு மிதிச்சு நிறுத்துனான். யாருன்னுகூடத் தெரியாது. ஆந்திரா வண்டி. இறங்கிப் போயி அவன் காலைத் தொட்டேன், பீடி கேட்டான், குடுத்தேன், போயிட்டான். அப்படிப்பட்டவங்க லாரிக்காரங்க. நீங்க கம்பெனியில உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு, குறை இருக்குது கொண்டாங்கறீங்க.

சரி, சரி. ஷாப்டு எங்கன்னுதானே? எத்தனை தடவைதான் அதையே கேப்பீங்க. சொல்றேன். சொன்னா என்ன பண்ணிருவீங்க? கேஸா போடுவீங்க? என் வண்டி, என் இரும்பு.

அந்தப் பொண்ணு மறுபடி மறுபடி போன் பண்ணுச்சு. ஒரு நாள் சரிம்மா, கொண்டாறேன்னு சொன்னேன். சொல்லிட்டு ரெண்டு வண்டியையும் நம்ம பட்டறைக்கு விட்டேன். சின்னவளுக்கு அடியில இருந்த அந்த நல்ல ஷாப்டைக் கழட்டச் சொன்னேன். பெரியவளோடது தேஞ்சு போயி எப்படியும் மாத்தற நிலைமையிலதான் கிடந்துச்சு, அதையும் கழட்டச் சொன்னேன். மாத்தி மாட்டு அப்படின்னேன். பட்டறைக்காரன் ஒரு மாதிரி பாத்தான். சொன்னதைச் செய்டான்னேன். அளவு ஒண்ணுதானே, கச்சிதமா உக்காந்துச்சு.

தேஞ்சதோட சின்னவளை உங்க சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். அவங்க தேதி குடுக்கற வரைக்கும் ரெண்டு மூணு நடை மாதப்பன் அந்தத் தேஞ்சதோடதான் போனான். அவன்கிட்ட சொல்லலை. சொன்னா பயப்படுவான், பயந்தவன் கையில ஸ்டீயரிங் நிக்காது. பழகின ஆளு, அவன் பாத்துக்குவான்னு விட்டுட்டேன். ஒண்ணும் ஆகலையே! அப்புறம் உங்க ஆளுங்க அந்தக் குப்பையைக் கழட்டிப் பத்திரமா துணி சுத்தி எடுத்துட்டுப் போனாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. வீட்டுக்கு வந்து சரசாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். கம்பெனிக்குத் தேஞ்சது, மாதப்பனுக்கு இலவசம், என் பையனுக்கு நல்லது. எப்படி? மூளை இருக்குதுங்களா எனக்கு?

ஏன் தம்பி இப்படிப் பாக்கறீங்க? சிரிங்க. ஏமாந்தா சிரிக்கோணும்.

ஆமாங்க, பெரியவளுக்கு அடியிலதான் இருக்குது. ஆமா, இப்ப வர்ற வண்டிதான். ஆமா, பையன்தான் ஓட்டறான். எத்தனை தடவை சொல்றது!

என்ன இது, செல்போன்ல? இப்படிக் காட்டுங்க, கண்ணாடி இல்லாம... இது என்ன, ரெண்டா முறிஞ்சு கிடக்குது? ஷாப்டா? இது எங்க? ஓசூர் தாண்டியா? யாரு வண்டி? ஓட்டுனவன்? சும்மா சொல்லாதீங்க தம்பி. பயமுறுத்தறதுக்குன்னு எதையாவது காட்டாதீங்க. இன்னொண்ணா? இது எந்த ஊரு? அய்யோ, இவனும் சின்னப் பையனா இருக்கறானே.

மெதுவாச் சொல்லுங்க. இப்பச் சொல்லுங்க, நான் குறுக்க பேசலை. சமமான ரோட்டுல ஒண்ணும் தெரியாது. சரி. பாரம் இருந்து, இறக்கத்துல, கியரைக் குறைச்சா. சரி. அந்த வெல்டிங் வாய் விடும். முதல்ல டக்கு டக்குன்னு சத்தம் வரும்.

சத்தம் வரும்.

அப்புறம் ஷாப்டு கழண்டு கீழ விழும். விழுந்தா கியர் பிடிக்காது. எந்தக் கியர்ல இருந்தாலும் வண்டி சும்மா உருளும். பிரேக் மட்டும்தான். அந்தப் பாரத்துக்கு, அந்த இறக்கத்துல, பிரேக் எவ்வளவு நேரம்... எனக்குத் தெரியாதுங்களா. எனக்குத் தெரியும், தொப்பூரு எனக்குத் தெரியும். கியர்லயே இறங்குன்னு நான்தானே இப்பச் சொன்னேன். இந்த வாயால நான்தானே சொன்னேன்.

போனு. போனு எங்க? இங்கதானே வெச்சேன். டீ கொட்டுனா கொட்டட்டும், விடுங்க. தரணி, தரணி... அடிக்குது தம்பி. ரிங் போகுது. எடு சாமி. எடுடா. மறுபடி போடறேன். ரிங் போகுது. எடுக்க மாட்டேங்கறான். எடுக்க மாட்டான் தம்பி! கற்பூரத்தை அணைச்சானே, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அணைச்சானே. ஒரு தடவை எடுடா கண்ணு, சத்தியம் போனாப் போகட்டும், பாவம் என்மேல விழட்டும்.

எடுக்கலை.

மாதப்பன். மாதப்பன் எடுப்பான். ஆமாங்க தம்பி, அவன் எப்பவும் எடுப்பான். நீங்க நம்பரைப் போடுங்க, கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துத் தெரியலை. எம்முன்னு போட்டாலே வரும். ஸ்பீக்கர் வேண்டாம், என்கிட்ட குடுங்க.

ஹலோ, மாதப்பா. எங்கடா வந்தே? இறங்கிட்டீங்களா? பாதி இறங்கிட்டீங்களா? பையன் தெரியறானா? பின்னால தெரியறானா?

பின்னால வர்றானாம் தம்பி. கண்ணாடியில தெரியறானாம். என்னமோ வேகமா வர்றானாம். லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கறானாம். ஹாரன் விடாம அடிக்கறானாம். "சின்ன மொதலாளி முந்தப் பாக்குதுங்க, நான் ஓரங்கட்டி வழி விட்டுடட்டுங்களா"ன்னு கேக்கறான்.

வேண்டாம்! மாதப்பா, வேண்டாம். ஓரங்கட்டாதே. சொல்றதைக் கேளு. விலகாதே. நடு ரோட்டுலயே போ.

தம்பி, சின்னவளுக்கு நீங்க மாட்டுனது புது ஷாப்டுதானே? நல்லதுதானே? தாங்கும்ல? பின்னால வந்து இடிச்சா தாங்கும்ல? சொல்லுங்க தம்பி, சீக்கிரம் சொல்லுங்க! கையை விடுங்க. போனை எதுக்குப் பிடுங்கறீங்க? என்ன சொல்லோணுங்கறீங்க? உண்மையையா? சொன்னா விலகிருவான் தம்பி. அந்த ஆந்திராக்காரன் வேற. இவனுக்குப் பிள்ளைங்க இருக்குது, நான்தானே பேர் வெச்சேன், எனக்குத் தெரியாதா? சொன்னா விலகிருவான். விடுங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன், கொஞ்சம் சும்மா இருங்க.

ஒண்ணுமில்ல மாதப்பா. இங்க ஒரு தம்பி வந்திருக்காரு, அவரு பேசறாரு. பையனுக்கு விளையாட்டுப் புத்தி, முந்த விட்டா எங்கயாவது கொண்டுபோயி விட்டுருவான். அதான் சொல்றேன். நீ முன்னாலயே போ. கண்ணாடியைப் பாக்காதே. மெதுவாப் போ சாமி. இன்னும் மெதுவா.